கொடை மேளம் வந்தால் மட்டும் கிழிகிற சவுண்டு

டிவிடி பிளேயரை இப்போது யாரும் தேடிப்போய் வாங்குவதில்லை. ஆனால் அன்றைக்கு வாங்கியவர்கள் வீட்டில் அது இன்னும் உட்கார்ந்திருக்கிறது. கோவில்பட்டிப் பக்கம் எங்கள் சித்தப்பா வீட்டிலும் டிவிக்குக் கீழே, பூப்போட்ட துணி போர்த்தி, நல்ல நிலைமையில் இருக்கிறது. நெட்டில் படம் பார்ப்பது அவருக்கு ஒத்துவராது. வட்டைப் போட்டோமா, படம் ஓடியதா என்று இருக்க வேண்டும்.

அவர் மகன், எனக்குத் தம்பி, நண்பர்களோடு சேர்ந்து ஒரு படம் எடுத்தான். ஒன்றரை மணி நேரம். தியேட்டருக்கு வரவில்லை, ஒன்றிரண்டு விழாக்களில் காட்டினார்கள், அவ்வளவுதான். படத்தின் பாதி ஊர்க் கொடையில், அதாவது கோயில் திருவிழாவில், நடக்கிறது. நையாண்டி மேளம், உறுமி, பம்பை எல்லாம் உண்டு. சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் 5.1 ஒலியாக முறைப்படி மிக்ஸ் செய்திருந்தார்கள். சித்தப்பாவுக்கு அதை ஊர்க்காரர்களுக்குப் போட்டுக் காட்ட ஆசை. தம்பி ஏதோ ஒரு இலவச கன்வெர்ட்டரில் படத்தைப் போட்டு, வட்டில் எழுதி அனுப்பிவிட்டான். அப்புறம் எனக்குப் போன் வந்தது.

"படம் பளிச்சுன்னு இருக்கு தம்பி. பேசுறதும் நல்லாக் கேக்கு. கொடையில மேளம் ஆரம்பிச்ச ஒடனே சவுண்டு கிழியுது. ஸ்பீக்கர் போயிட்டோ என்னமோ."

"வேற படம் போட்டுப் பாத்தீங்களா சித்தப்பா?"

"போட்டேன். அது நல்லாத்தான் பாடுது."

இந்த ரெண்டு பதிலிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. வேறு படம் நன்றாகப் பாடுகிறது என்றால் ஸ்பீக்கரையும் ஆம்ப்பையும் சந்தேகப்பட வேண்டாம். பேச்சு சரியாக இருந்து மேளம் மட்டும் கிழிகிறது என்றால், சத்தத்தின் அளவு எங்கேயோ கூரையில் முட்டுகிறது. எச்டி படத்தை டிவிடி ஆக்கும்போது சவுண்டு கெட்டுப்போனதாக என்னிடம் வருகிற புகார்களில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். ஆனால் எல்லாரும் முதலில் செய்வது கன்வெர்ட்டரை மாற்றுவது. ஒன்று போய் இன்னொன்று, அதுவும் போய் காசு கொடுத்து வாங்கிய ஒன்று. எந்தக் கட்டத்தில் ஒலி உடைந்தது என்று பார்க்காமல் மென்பொருளை மாற்றிக்கொண்டே இருந்தால் விடிய விடிய உட்கார வேண்டியதுதான்.

நான் செய்வது ஒலி போகிற வழியிலேயே நடந்துபோவது. முதலில் மூலக் கோப்பைக் கம்ப்யூட்டரில் ஹெட்போன் போட்டுக் கேட்பேன். விஎல்சியில் கேட்பவர்கள் வால்யூம் நூறைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நூறுக்கு மேலே போனால் நல்ல ஒலியையே அது பிளந்து கொடுக்கும். பிறகு கன்வெர்ட் ஆகி வந்த விஓபி கோப்பில் (டிவிடிக்குள் படமும் ஒலியும் இருக்கிற கோப்பு) அதே இடத்தைக் கேட்பேன். பிறகு எழுதிய வட்டைக் கம்ப்யூட்டரிலேயே ஓடவிட்டு, கடைசியாகத்தான் பிளேயர், ஆம்ப் எல்லாம். எந்தப் படியில் முதல்முறையாகக் கிழிகிறதோ அதற்கு முந்தைய வேலையில்தான் கோளாறு. தம்பியின் படத்தில் மூலக் கோப்பு சுத்தம். விஓபியில் மேளம் வந்ததுமே கரகரவென்றது. ஆக வட்டு, லென்ஸ், வயர் எதற்கும் இதில் பங்கில்லை. கன்வெர்ட் செய்யும்போதே உடைந்திருக்கிறது.

ஒலியை ஏன் மாற்றியே தீர வேண்டும் என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்விதான். டிவிடி ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 1996 கடைசியில். நம் செல்போனிலும் எம்பி4 கோப்பிலும் இருக்கிற ஏஏசி ஒலி முறை அடுத்த ஆண்டுதான் தரமாக வெளியானது. டிவிடி பிளேயருக்கு அது தெரியவே தெரியாது. அதற்குத் தெரிந்தவை டால்பியின் ஏசி-3, சுருக்காத பிசிஎம், எம்பி2, சில வட்டுகளில் டிடிஎஸ். எல்லாப் பிளேயரிலும் சிக்கலில்லாமல் ஓட வேண்டும் என்றால் ஏசி-3, இல்லாவிட்டால் பிசிஎம். ஏசி-3 என்றால் விநாடிக்கு 448 கிலோபிட் வரை போகலாம். புளூரேயில் அதே ஏசி-3 640 வரை போகும். புளூரேயிலிருந்து எடுத்த ஒலியை 'அதுவும் ஏசி-3தானே' என்று அப்படியே டிவிடிக்குள் தூக்கி வைத்தால், சில பிளேயர் ஊமையாகிவிடும், சிலது விட்டுவிட்டுப் பாடும்.

சரி, மேளத்துக்கு வருவோம்.

5.1 என்றால் முன்பக்கம் இடது, வலது, நடுவில் சென்டர், பின்பக்கம் சரவுண்டு இரண்டு, அப்புறம் அடித்தொனிக்கென்று ஒன்று. தம்பியின் கன்வெர்ட்டர், அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல், இந்த ஆறையும் இரண்டாக்கி ஸ்டீரியோ செய்துவிட்டது. அதுவும் தப்பில்லை, வழக்கமான கணக்கு ஒன்று இருக்கிறது. இடது ஸ்டீரியோவுக்கு முன் இடது முழுசாக, சென்டரில் 0.707 பங்கு, பின் இடதில் 0.707 பங்கு. அடித்தொனியைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். வலதுக்கும் அப்படியே. கூட்டிப் பாருங்கள்: 1, 0.707, 0.707, மொத்தம் 2.414. மூன்று சேனலும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போனால், கூட்டுத்தொகை டிஜிட்டல் உச்சவரம்பைப் போல இரண்டரை மடங்குக்குக் கொஞ்சம் கீழே. டெசிபெலில் சொன்னால் வரம்புக்கு மேலே கிட்டத்தட்ட 7.7.

டிஜிட்டலில் அந்த வரம்புக்கு மேலே இடமே கிடையாது. டிஜிட்டல் ஒலி என்பது அலையை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை அளந்து வைத்த எண்கள், ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. 16 பிட் ஒலியில் ஒரு மாதிரியின் பெரிய எண் 32,767. அதற்கு மேல் வருவதெல்லாம் 32,767 என்றே பதிவாகும். அலையின் தலை போய்விடும். பழைய டேப்பில் அளவு மீறினால் ஒலி கொஞ்சம் மழுங்கும், அதைச் சிலர் ரசிக்கவும் செய்வார்கள். டிஜிட்டலில் மீறினால் ரசிக்க ஒன்றுமில்லை, கர்ர் என்ற இரைச்சல்தான். இதைத்தான் கிளிப்பிங் என்கிறோம்.

பேச்சு மட்டும் ஏன் தப்பித்தது என்பதற்கும் இந்தக் கணக்கிலேயே பதில் இருக்கிறது. படத்தில் வசனம் பெரும்பாலும் சென்டரில்தான் இருக்கும். அந்த நேரத்தில் மற்ற சேனல்கள் காற்று, கோழி, தூரத்து பஸ் என்று அடங்கிக் கிடக்கும். 0.707 பங்கு சென்டர் தனியாக வந்தால் வரம்பைத் தொடவே தொடாது. கொடை என்றால் அப்படியா? உறுமி முன்னால், பம்பை பின்னால், நடுவில் சாமியாடியின் குரல், எல்லாம் ஒரே சமயத்தில் உச்சம். கிழியாமல் என்ன செய்யும்.

விஓபியிலிருந்து ஒலியை எடுத்து, ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் திறந்தேன். அதில் கிளிப்பான இடங்களைச் சிவப்புக் கோடாகக் காட்டுகிற வசதி உண்டு, 'வியூ' மெனுவில் இருக்கும். வசனக் காட்சிகள் நீலமாக, மெலிசாக ஓடிக்கொண்டே வந்து, கொடைக் காட்சி தொடங்கியதும் திரை முழுக்கச் சிவப்பு. ஒரு பம்பை அடியை மட்டும் பெரிதாக்கிப் பார்த்தேன். மூலக் கோப்பில் அதே அடி கூரான மேடாக எழுந்து, குட்டிக் குட்டி அலைகளாக இறங்குகிறது. கன்வெர்ட் ஆனதில் அந்த மேடு வரிசையாக, கத்தரி போட்ட வேலி மாதிரி ஒரே மட்டத்தில் நிற்கிறது. கூர்ந்து பார்த்தால் முழுத் தட்டையும் இல்லை, உச்சி லேசாக நெளிகிறது. முதலில் கூட்டும்போது தலை போயிருக்கிறது. அதற்குப் பிறகு ஏசி-3 அதைச் சுருக்கியதில் அந்த நெளிவு வந்திருக்கிறது. இரண்டும் எந்த வரிசையில் நடந்தன என்பது அந்த ஒரு அடியிலேயே தெரிந்தது.

அலையின் படத்தைப் பார்க்கப் பிடிக்காதவர்கள் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச கன்வெர்ட் மென்பொருளில் வால்யூம் அளக்கிற வடிகட்டியை ஓடவிடலாம். அதிகபட்ச அளவு 0.0 டெசிபெல் (அதுதான் அந்த உச்சவரம்பு) என்று காட்டி, கூடவே அந்த 0 டெசிபெலில் ஏராளமான மாதிரிகள் இருப்பதாக எண்ணிக்கையும் கொடுத்தால் விஷயம் முடிந்தது. நல்ல மிக்ஸில் உச்சியை நாலைந்து மாதிரிகள் தொட்டுப் போகலாம், கூட்டமாகக் குடியிருக்காது.

இங்கேதான் தம்பி, "அண்ணா, நார்மலைஸ் பண்ணிட்டாப் போச்சுல்ல?" என்றான். மொத்தச் சத்தத்தையும் ஒரு அளவுக்குக் கொண்டுவருவதுதான் நார்மலைஸ். அதில் போகாது. தலை வெட்டுப்பட்ட பிறகு சத்தத்தைக் குறைத்தால், குறைந்த சத்தத்தில் கிழிந்த ஒலி கிடைக்கும். குறைப்பதைக் கூட்டுவதற்கு முன்னாலோ, கூட்டும்போதேவோ செய்ய வேண்டும். கிளிப் ஆனதைச் சரிசெய்ய ஆடாசிட்டியில் ஒரு கருவி இருக்கிறது, எஃப்எஃப்எம்பெக்கிலும் இருக்கிறது. வெட்டுப்பட்ட உச்சியை இரண்டு பக்கச் சரிவையும் பார்த்து யூகமாக வரைந்து ஒட்டும். மூலக் கோப்பே தொலைந்துபோனவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதல் தரலாம். மூலம் கையில் இருக்கிறவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

தலை வெட்டுப்படாமல் முன்னாலேயே தடுக்க இரண்டு வழி உண்டு. எனக்குப் பிடித்தது கூட்டாமலே விடுவது. 5.1 ஏஏசியை 5.1 ஏசி-3 ஆகவே 448 கிலோபிட்டில் மாற்றிவிட்டால், ஸ்டீரியோ ஆக்குகிற வேலையைப் பிளேயர் பார்த்துக்கொள்ளும். ஒழுங்கான டால்பி டிகோடர் கூட்டும்போதே அளவைக் குறைத்துக் கூட்டும். எஃப்எஃப்எம்பெக்கில் 'பால்' (PAL, நம் நாட்டு டிவி முறை) டிவிடிக்கென்று ஒரு தயார் அமைப்பு இருக்கிறது. அதைக் கொடுத்தால் ஏசி-3, 448 கிலோபிட், 48 கிலோஹெர்ட்ஸ் எல்லாம் தானாக அமையும், ஆறு சேனலும் ஆறாகவே நிற்கும். நாளைக்குச் சித்தப்பா ஹோம் தியேட்டர் வாங்கினால் சரவுண்டும் கிடைக்கும்.

இதில் ஒரு குறை உண்டு. ஸ்டீரியோவில் பேச்சு கொஞ்சம் அடங்கிக் கேட்கும். ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு வசனத்துக்கு ஏற்றி, மேளத்துக்கு இறக்கி உட்கார வேண்டியிருக்கும். வீட்டில் ராத்திரி படம் பார்க்கிறவர்களுக்கு அது பெரிய தலைவலி.

இன்னொரு வழி, நாமே அளந்து கூட்டுவது. கண்ணை மூடிக்கொண்டு 7.7 டெசிபெல் குறைத்தால் கிளிப் ஆகவே ஆகாது, ஆனால் அது எல்லாச் சேனலும் ஒன்றாக உச்சியைத் தொடுகிற கற்பனைப் படத்துக்கான கணக்கு. நிஜப் படம் அவ்வளவு போகாது. முதலில் ஒருமுறை மிதவைப் புள்ளிக் கணக்கில், அதாவது வரம்பைத் தாண்டினாலும் எண்ணை வெட்டாமல் வைத்துக்கொள்கிற முறையில், கூட்டிப் பார்த்து, எவ்வளவு தாண்டுகிறது என்று அளக்க வேண்டும். தம்பியின் படம் நாலரை டெசிபெல் போலத் தாண்டியது. ஐந்தரை குறைத்தேன், உச்சியில் ஒரு டெசிபெல் இடம் மிச்சம். இந்தக் கடைசி ஒன்று கஞ்சத்தனம் பார்க்க வேண்டிய இடம் இல்லை. ஏசி-3 சுருக்கி விரிக்கும்போது உச்சி கொஞ்சம் மேலே கீழே நகரும், அதற்கும் இடம் வேண்டும்.

மிதவைப் புள்ளி என்றதும் ஒரு எச்சரிக்கை. சில மென்பொருள்கள் ஆரம்பம் முதல் கடைசி வரை இந்த முறையிலேயே கணக்குப் போடும். கன்வெர்ட் ஆகும்போது எந்த இடத்திலும் வெட்டு விழாது, திரையில் எச்சரிக்கையும் வராது. வரம்பைத் தாண்டிய ஒலி அப்படியே ஏசி-3க்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பிளேயர் அதை விரித்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் கடைசி நொடியில்தான் தலை போகும். 'கம்ப்யூட்டரில் பார்த்தால் அலை கூராகத்தான் இருக்கிறது, பிளேயரில் கிழிகிறது' என்று குழம்புகிறவர்கள், அலையின் உச்சி வரம்புக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது வேகம். இது கிழிசல் இல்லை, ஆனால் 'சவுண்டு என்னமோ மாதிரி இருக்கு' என்று வருகிற புகார்களில் பாதி இதுதான். இந்தியாவில் டிவிடி என்றால் 'பால்' முறை, விநாடிக்கு 25 பிரேம். படம் எடுத்தது 24இல். பல கன்வெர்ட்டர்கள் படத்தைச் சற்று வேகமாக ஓட்டி 25 ஆக்கிவிடும். 90 நிமிடப் படம் 86 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே முடிந்துவிடும். ஒலியும் நாலு சதவீதத்துக்குச் சற்று மேலே வேகமாகும், சுருதி ஏறும். பாடுகிறவர்கள் கணக்கில் சொன்னால் கட்டை முழுசாக ஏறாது, மூன்றில் ஒரு பங்கு கட்டை ஏறும். வசனத்தில் பலருக்குத் தெரியாது. நாதஸ்வரக்காரர் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் முகத்தைச் சுளிப்பார். வேகம் ஏறினாலும் சுருதி ஏறாமல் பிடித்துவைக்கிற வசதியும் உண்டு, தாளவாத்தியத்துக்கு அது ஆகாது. ஒவ்வொரு அடிக்கும் பின்னால் இன்னொரு மங்கலான அடி ஒட்டிக்கொண்டு வந்தது போல, தண்ணீருக்குள் கேட்பது போல ஆகிவிடும்.

இதற்கு நான் செய்தது வட்டை என்டிஎஸ்சி (அமெரிக்கா, ஜப்பான் பக்கத்து டிவி முறை) முறையில் எழுதுவது. அதில் 24 பிரேம் படம் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மெதுவாகும், 23.976. காதுக்குத் தெரியவே தெரியாது. நம் ஊரில் விற்ற பிளேயர்களில் பெரும்பாலானவை இரண்டையும் ஓட்டும். படத்தில் வரிகள் 576இலிருந்து 480 ஆகக் குறையும், அது உண்மை. சித்தப்பாவின் டிவியில் யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. மேளம் தப்பினால் போதும் என்பது என் கட்சி.

மாதிரி வீதமும், அதாவது விநாடிக்கு எத்தனை மாதிரி என்பதும், இதே குடும்பம். டிவிடிக்கு 48 கிலோஹெர்ட்ஸ் வேண்டும், சிடிப் பாட்டு 44.1. இந்த 44.1 என்ற விசித்திர எண், ஒரு காலத்தில் டிஜிட்டல் ஒலியை வீடியோ டேப்பில் பதிந்து வைத்ததால் வந்தது. ஒரு வரிக்கு மூன்று மாதிரி, 245 வரி, விநாடிக்கு 60 முறை: பெருக்கினால் 44,100. ஐரோப்பிய வீடியோவில் 294 வரி, 50 முறை என்றாலும் அதே 44,100 வரும். கல்யாண வீடியோக்காரர்கள் கடைசி நேரத்தில் சினிமாப் பாட்டைச் சேர்க்கும்போது 44.1 கோப்பு உள்ளே நுழைந்துவிடும். அதைச் சரியாக மாற்றாமல் பெயரை மட்டும் 48 என்று ஒட்டினால், பாட்டு முக்கால் கட்டை ஏறி, குரல் பொம்மைக் குரலாகும். கோப்பின் விவரங்களைக் காட்டுகிற மீடியாஇன்ஃபோ மென்பொருளில் கோப்பைத் திறந்து எண்ணை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும்.

டிக் டிக் என்று விட்டுப்போவதும் வேறு ரகம். டிவிடியில் படம், ஒலி எல்லாம் சேர்ந்து விநாடிக்கு 10.08 மெகாபிட்டைத் தாண்டக் கூடாது. படத்துக்கே 9 கொடுத்துவிட்டு, சுருக்காத ஸ்டீரியோ பிசிஎம்முக்கு இன்னொரு 1.5 கொடுத்தால் தாண்டிவிடும், பிளேயர் மூச்சுத் திணறும். நீளம் குறைவான கல்யாண வீடியோவுக்கு பிசிஎம் அருமை, படத்துக்கான பிட் அளவை விநாடிக்கு 7 மெகாபிட்டுக்குள் வைத்துக்கொண்டால் போதும். ஒன்றரை மணி நேரப் படத்துக்கு அது ஒரு ஜிபியை விழுங்கும், 4.7 ஜிபி வட்டில் அது பெரிய பங்கு. ஏசி-3 என்றால் 300 எம்பிதான். விட்டுப்போவது ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் என்றால் கோப்பையோ வட்டையோ பாருங்கள். ஒவ்வொரு தடவை ஒவ்வொரு இடத்தில் என்றால் லென்ஸைத் துடையுங்கள்.

புது வட்டு சித்தப்பா வீட்டில் நன்றாகப் பாடியது. அடுத்து ஊர்ச் சாவடியில் போட்டார்கள், மைக்செட் வைத்து. மறுபடி போன். இந்த முறை வசனமும் கிழிகிறதாம். அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதி, வசனமும் சேர்ந்து கிழிந்தால் அது வட்டின் வேலை இல்லை. பிளேயரின் சிவப்பு, வெள்ளை வயரை எங்கே செருகியிருக்கிறார்கள் என்று கேட்டேன். ஒரு கன்வெர்ட்டர் பின் போட்டு மைக் துளையில். மைக் கொடுப்பது சில மில்லிவோல்ட். டிவிடி பிளேயர் உச்சத்தில் இரண்டு வோல்ட் வரை கொடுக்கும். நூற்றுக்கணக்கான மடங்கு கூடுதலாக உள்ளே வந்தால் ஆம்ப்பின் முதல் படியிலேயே ஒலி நொறுங்கிவிடும், வால்யூமை எவ்வளவு குறைத்தாலும் தீராது. "ஆக்ஸ்னு எழுதியிருக்கிற துளையில மாத்தச் சொல்லுங்க சித்தப்பா" என்றேன். மாற்றியதும் சரியானது. மைக்செட்காரருக்குக் கொஞ்சம் வருத்தம்.

பிளேயரின் செட்டப் மெனுவையும் ஒருமுறை பார்க்கச் சொன்னேன். விலை குறைந்த பிளேயர்களில் ஒலிப் பக்கத்தில் டவுன்மிக்ஸ் (ஆறு சேனலை இரண்டாக்குவது) என்று ஒன்று இருக்கும், அது ஸ்டீரியோவில் இருக்க வேண்டும். 5.1 என்று கிடந்து, இரண்டு ஸ்பீக்கர் மட்டும் மாட்டியிருந்தால் வசனம் காணாமல் போகும். எஸ்பிடிஐஎஃப் என்று இன்னொன்று, டிஜிட்டல் ஒலி வெளியே போகிற வழி; 'ரா' (ஒலியை விரிக்காமல் அப்படியே அனுப்புவது) என்று வைத்து, டால்பியோ டிடிஎஸ்ஸோ தெரியாத ஆம்ப்பில் டிஜிட்டல் வயரைக் கொடுத்தால், படத்தின் ஒலிக்குப் பதில் ஒரே இரைச்சல்தான் வரும். அதை பிசிஎம்முக்கு மாற்றினால் அடங்கிவிடும்.

கடைசியாக எழுதிய வட்டில் இரண்டு தடம் வைத்தேன். டிவிடியில் எட்டு ஒலித் தடம் வரை போடலாம். முதலாவது அளந்து கூட்டிய ஸ்டீரியோ, 192 கிலோபிட். இரண்டாவது 5.1, 448. எதுவும் தெரியாமல் வட்டைப் போடுகிறவருக்கு முதல் தடம் ஓடும், ஹோம் தியேட்டர் இருக்கிறவர் ரிமோட்டில் ஆடியோ பொத்தானை அழுத்திக்கொள்ளலாம். மைக்செட்காரரும் தனக்கு ஒன்று கேட்டார். அவருக்கு 5.1 தேவைப்படாது என்று ஸ்டீரியோ தடம் மட்டும் வைத்து, எட்டு மடங்கு வேகத்தில் எழுதிக் கொடுத்தனுப்பினேன்.